நர்சம்மா சொல்வதற்கு என்ன ஆதாரம்? ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பிள்ளை பெற்று வீடு திரும்பும்போது தாய் சேய் நல அட்டையோடு நிறைய அறிவுரையும் கூடவே வருகிறது. தண்ணீர் கொடுக்காதே, பிறந்ததும் தேனோ சீனித் தண்ணீரோ நாக்கில் வைக்கும் சேனை தொடாதே, உரைமருந்து வேண்டாம், மை வைக்காதே, மல்லாக்கப் படுக்க வை. வீட்டுக்கு வந்தால் அப்பத்தா ஒன்று சொல்கிறார், அம்மாச்சி வேறொன்று சொல்கிறார். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் பக்கத்து இளம் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இந்த அறிவுரைகளுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளைத் தேடிப் படிப்பவள். எது எந்த ஆய்வின் மேல் நிற்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அரசாங்கம் சொல்வதைக் கேள்வி கேட்கலாமா? நமக்கென்ன தெரியும்?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். டாக்டர்கள் பெற்றோருக்குச் சொன்ன அறிவுரையே பிள்ளைகளின் உயிரைப் பறித்ததும் நடந்திருக்கிறது. 1950-களிலிருந்து 30 ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பச்சப்பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்த்துச் சொன்னது அல்ல. குப்புறப் படுத்த பிள்ளைகள் தூக்கத்திலேயே இறந்துபோவது அதிகம் என்று பிறகு தெரிந்தது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள்; அந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகவும் அதற்குக் கீழேயும் இறங்கின. 2005-ல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஆபத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான தரவு 1970-லேயே இருந்தது என்றார்கள். அப்போதே அறிவுரையை மாற்றியிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அதற்காக அறிவுரை எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை நல்லவை. என் குறை வேறு. பெரிய ஆய்வுகளில் தேறி வந்த அறிவுரையும், நிபுணர்கள் கூடிப் பேசி இப்படி இருக்கட்டும் என்று எழுதிய அறிவுரையும் ஒரே குரலில், ஒரே கண்டிப்போடு நமக்குச் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு உறுதி என்பதைத் தாய்க்கும் தகப்பனுக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுதானே? நம் பிள்ளைக்குப் பொருந்துமா?

எல்லாம் அப்படி இல்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடமே முக்கியமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கி 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. அப்படியானால் பிறந்தவுடன் ஏன் போடுகிறார்கள்? பச்சப்பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெல்லாம் பரவுவதாகவும் வரும் காசநோயிலிருந்து அது காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகத்தான் போடுகிறோம். “டி.பி. வராமலிருக்க ஊசி” என்று மொட்டையாகச் சொல்வதைவிட இதைச் சொன்னால் பெற்றோருக்கு மதிப்பாக இருக்கும்.

ரோட்டா என்னும் வைரஸால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 பிள்ளைகளிடம் சோதித்து 2014-ல் முடிவு வெளியிட்டார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைச் சுமார் 56 சதவீதம் குறைத்தது. பணக்கார நாடுகளில் இதே வகை மருந்துகள் இதைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஆனாலும் வயிற்றுப்போக்கு அதிகமுள்ள நம் பக்கம் பாதியைத் தடுப்பதே நிறைய பிள்ளைகளைக் காப்பாற்றும்.

இடம் மாறினால் முடிவும் மாறும் என்பதற்குத் தொப்புள்கொடி நல்ல உதாரணம். கொடியில் குளோர்ஹெக்சிடின் மருந்து தடவியபோது நேபாளத்திலும் வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் சிசு மரணம் குறைந்தது. சாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் செய்த ஆய்வுகளில் மரணம் குறையவில்லை. வீட்டில் பிரசவம் நடந்து, கொடியில் கண்டதையும் பூசும் ஊர்களில் மருந்து உதவியது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்தில் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. கொடியை உலர விட்டால் போதும். சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

இந்த வெக்கையில் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா? ஒரு பாலாடை தண்ணீர் கொடுத்தால் என்ன?

சாயல்குடி பக்கம் சித்திரை வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் இதைக் கேட்பதில் ஆச்சரியமே இல்லை. இந்தக் கேள்வியை இந்தியாவிலேயே சோதித்துவிட்டார்கள். கோடையில் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளையும், தாய்ப்பாலோடு தண்ணீரும் குடித்த பிள்ளைகளையும் ஒப்பிட்ட டெல்லி ஆய்வு 1991-ல் வெளிவந்தது. சிறுநீரின் அடர்த்தியை அளந்து பார்த்தார்கள். தண்ணீர் இல்லாமலே பிள்ளைகளின் உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருந்தது. தாய்ப்பாலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். பிள்ளை தண்ணீரால் வயிற்றை நிரப்பிக்கொண்டால் பால் குடிப்பது குறையும்; குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். நம் கிணறுகளின் உப்புத் தண்ணீரையும், குடத்தில் நாள்கணக்கில் பிடித்து வைத்த தண்ணீரையும் நினைத்தால் இந்த அறிவுரையை நான் முழுசாக ஆதரிக்கிறேன். வெயில் நாளில் அடிக்கடி பால் கொடுங்கள். தாய் நிறைய தண்ணீர் குடிக்கட்டும்.

தாய்ப்பால் மட்டும் கொடுக்க ஆறு மாதம் என்ற கணக்கை யார் போட்டது?

2001 வரை உலக சுகாதார நிறுவனம் “நான்கு முதல் ஆறு மாதம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வருடம் ஆறு மாதம் என்று மாற்றியது. மாற்றும்போது கையில் இருந்த ஆய்வுகளில், நான்கு மாதத்தையும் ஆறு மாதத்தையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டவை இரண்டே இரண்டு. இரண்டும் ஹோண்டுராஸ் நாட்டில் நடந்த சின்ன ஆய்வுகள். ஆறு மாதம் பால் மட்டும் குடித்த பிள்ளைகளின் வளர்ச்சி குறையவில்லை. இரும்புச்சத்து மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

தாய்ப்பால் நல்லது என்பதற்கான ஆதாரம் இதைவிடப் பலமானது. பெலாரஸில் 17,000-க்கு மேற்பட்ட தாய், பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், தாய்ப்பாலுக்குக் கூடுதல் ஆதரவு தந்த ஆஸ்பத்திரிகளின் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் தோல் அரிப்பு நோயும் குறைந்தன. அதே ஆய்வு, ஆஸ்துமாவோ உடல் பருமனோ அதனால் குறையவில்லை என்றும் காட்டியது. போஸ்டரில் போடும் பட்டியலில் இவையும் சில நேரம் இருக்கும். பால் சரியாகச் சுரக்காத தாயைக் குற்றவாளி போல நடத்துவதற்கு அந்தப் பட்டியல் பயன்படும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆறு மாதம் என்பதை உத்தேச எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தண்ணீர், கை சுத்தம், பாத்திரம் எல்லாவற்றையும் யோசித்தால் முன்கூட்டி ஊட்டுவதில் லாபம் குறைவு, ஆபத்து அதிகம். ஆறு தாண்டியும் தள்ளிப்போடக் கூடாது.

பச்ச உடம்புக்காரிக்குப் பால் சுறா புட்டு கொடுக்கலாமா? சுறாவில் பாதரசம் என்கிறார்களே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நம் கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவும் காரலும் தேடி வாங்கிக் கொடுப்பது தலைமுறைப் பழக்கம். அமெரிக்க அரசின் பட்டியலிலோ கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறா இருக்கிறது. இரண்டில் எதைக் கேட்பது?

முதலில் காரணம். கடலில் கலந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது மேலே மேலே சேர்கிறது. பல வருடம் வாழ்ந்து மற்ற மீனைத் தின்னும் பெரிய சுறாவில் அதிகம், குறைந்த காலம் வாழும் சாளையிலும் நெத்திலியிலும் காரலிலும் மிகக் குறைவு. இது வளரும் மூளையைத் தாக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஜப்பானின் மினமாட்டாவில் 1950-களில் ஆலைக்கழிவால் அது நடந்தது.

சாதாரணமாக மீன் சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கெடுதல் வருமா என்பதில்தான் ஆய்வுகள் பிரிகின்றன. ஃபாரோ தீவுகளில் திமிங்கில வகை ஒன்றின் இறைச்சியைத் தின்ற தாய்களின் பிள்ளைகளுக்குச் சிறிய குறைபாடுகளைக் கண்டார்கள். சீஷெல்ஸ் தீவுகளில் தாய்கள் வாரத்துக்குச் சராசரியாக 12 வேளை கடல் மீன் தின்றார்கள். பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட கெடுதல் தெரியவில்லை. நம் சாப்பாட்டுக்கு நெருக்கமானது சீஷெல்ஸ். அப்புறம் 2007-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு முக்கியம். அமெரிக்க அரசு 2004-ல் கர்ப்பிணிகள் வாரம் 340 கிராமுக்கு மேல் மீன் தின்ன வேண்டாம் என்று சொல்லியிருந்தது. பிரிட்டிஷ் ஆய்வில் 340 கிராமுக்குக் குறைவாகத் தின்ற தாய்களின் பிள்ளைகள்தான் பேச்சறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல, அதனால் முடிந்த முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பாதரசத்தை மட்டும் பார்த்துவிட்டு மீனின் நன்மையைக் கணக்கில் விட்டது தெரிந்துபோனது. பிறகு அமெரிக்க அறிவுரையே மாறியது. இப்போது பாதரசம் குறைந்த மீனை வாரம் 225 முதல் 340 கிராம் வரை தின்னச் சொல்கிறார்கள்.

என் பதில் இது. பால் சுறா சின்ன இனம்; பெரிய சுறாவின் அளவுக்கு அதில் பாதரசம் சேராது என்று எதிர்பார்க்கலாம். ஆசைக்கு ஒருநாள் புட்டு தின்றதற்காக எந்தத் தாயும் பயப்பட வேண்டியதில்லை. பாதரசம் பால் வழியாகப் போவது, கருவில் தொப்புள்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. தினமும் சுறாதான் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய சுறா வேண்டவே வேண்டாம், கர்ப்பத்தில் இன்னும் கண்டிப்பாக. காரல் குழம்பு, நெத்திலி, சாளை ஆகியவற்றைத் தாராளமாகத் தின்னட்டும். விலையும் குறைவு. பால் சுரப்பது மீனால் அல்ல. பிள்ளை அடிக்கடி சப்பி மார்பைக் காலி செய்வதால். பத்தியம் என்று மீனையே நிறுத்திவிட்டு ரசம் சோறு மட்டும் போடும் வீடுகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

சேனை தொட்டால் என்ன? எங்கள் வீட்டில் பேரீச்சம்பழம் தொட்டு வைப்பது மார்க்க வழக்கம்.

தேன் மட்டும் ஒரு வயது வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் பிள்ளையின் குடலில் முளைத்து, உடம்பைத் துவள வைக்கும் நஞ்சை உண்டாக்கும். 1976-ல் இதை அடையாளம் கண்டார்கள். அபூர்வம்தான், ஆனால் மூச்சே நின்றுபோகலாம். சீனித் தண்ணீரின் கெடுதல் வேறு: முதல் பால் தள்ளிப்போகிறது. கானாவில் 2006-ல் வெளியான பெரிய ஆய்வில், பாலூட்டத் தாமதமாகத் தாமதமாகச் சிசு மரணம் கூடியது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து உம்மம்மாக்கள் பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் அண்ணத்தில் தொட்டு வைக்கும் தஹ்னீக் பற்றி என் கருத்து: நர்சம்மா சொல்வது எதுவுமே வேண்டாம் என்பதுதான். செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் தாய்ப்பால் கொடுத்துவிட்டு, கையை நன்றாகக் கழுவி, பழத்தின் துளியை அண்ணத்தில் தொட்டு எடுத்தால் சரி. இருமல், சளி, வாய்ப்புண் உள்ளவர்கள் மென்று கொடுக்க வேண்டாம்.

உரைமருந்து?

வேண்டாம். கல்லில் உரைத்துக் கொடுக்கும் இந்த மருந்தில் சேரும் வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் தடை செய்தது. உரைக்கும் கல்லும் தண்ணீரும் சுத்தமாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. வசம்பை வளையலாகக் கட்டினாலும் வாய்க்குத்தான் போகும்.

மஞ்சள் காமாலைக்கு இளவெயிலில் காட்டச் சொல்கிறார்கள், கூடாது என்றும் சொல்கிறார்கள். வைட்டமின் டி சொட்டு எதற்கு?

வெளிச்சத்தால் மஞ்சள் குறையும் என்பதைக் கண்டவர் ஒரு நர்ஸ். 1956-ல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் ஜீன் வார்டு என்பவர் குறைமாதப் பிள்ளைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப்போவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர்தான் டாக்டர்களிடம் காட்டினார். இன்றைய நீலவிளக்குச் சிகிச்சை அங்கிருந்து வந்தது. ஆகவே பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் வெயிலில் எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்று அளக்க முடியாது, நம் கரை வெயிலில் பிள்ளை சீக்கிரம் சூடாகி வாடிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ வெயில் வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வைட்டமின் டி தினம் 400 யூனிட் என்பது, எலும்பு வளைவு நோயைத் தடுத்துவந்த ஒரு தேக்கரண்டி காட் மீன் ஈரல் எண்ணெயில் இருக்கும் அளவு. பழைய அனுபவத்திலிருந்து வந்த எண். தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவு. கறுத்த தோலில் உற்பத்தியும் மெதுவாகத்தான் நடக்கும். வெயில் கொளுத்தும் நாட்டிலும் குறைபாடு பரவலாக இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் முதல் வருடம் இதே அளவைக் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்கலாம்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா?

தேய்க்கலாம். டாக்காவில் குறைமாதப் பிள்ளைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் மென்மையாகத் தடவியபோது ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெயால் எடை கூடியதையும் இந்திய ஆய்வு காட்டியது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மார்பைப் பிதுக்குவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது இவற்றை மட்டும் நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் இதை முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாதாமே?

ஆய்வாளர்களே இதில் ஒத்துப்போகவில்லை. 2013-ல் வந்த ஒரு பகுப்பாய்வு, பெற்றோர் புகைக்காவிட்டாலும் குடிக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளை தூக்கத்தில் இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது என்றது. அடுத்த வருடமே இன்னொன்று, புகை, குடி, சோபா இவை இல்லாவிட்டால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்றது. இரண்டுமே மெத்தையிலும் சோபாவிலும் தூங்கும் நாடுகளின் கணக்கு. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளின் கணக்கு அல்ல. கெட்டியான பாய், தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுத்த பிள்ளை, நடுவில் கொஞ்சம் இடம். புகைப்பவரோ குடித்தவரோ அந்தப் பாயில் படுக்கக் கூடாது. பிள்ளை குறைமாதம் என்றால் தனியாக, அதே அறையில். தூளியில் முகவாய் நெஞ்சில் அமுங்கினால் மூச்சு அடைபடும். கண்பார்வையில் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

எடை குறைந்த பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிதானே பாதுகாப்பு?

2021-ல் வந்த ஆய்வு இதில் பழைய விதியையே மாற்றிவிட்டது. அதற்கு முன் பிள்ளை தேறிய பிறகுதான் தாயின் நெஞ்சில் வைக்க வேண்டும் என்பது அறிவுரை. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். பிறந்த உடனே நெஞ்சோடு வைத்த பிள்ளைகளில் 12 சதவீதம் பேர் இறந்தார்கள். பழைய முறையில் 15.7 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். உங்கள் பிள்ளையைத் தனியே வைத்திருந்தால், நெஞ்சோடு வைக்கலாமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

இரும்புச்சத்து டானிக்கால் காய்ச்சல் வருமா?

பெம்பா தீவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், மலேரியா மலிந்த இடத்தில் இரும்பு கொடுத்த பிள்ளைகளுக்கு நோயும் மரணமும் கூடின. ராமேஸ்வரம் தீவு மலேரியாவுக்குப் பெயர்போனது என்பதால் இந்தப் பயம் வெறும் பயம் அல்ல. பெம்பாவில் இருந்தது கொடிய வகை மலேரியா. கொசு ஒழிப்பும் சிகிச்சையும் நடக்கும் இடத்தில் கொடுக்கலாம் என்பது இப்போதைய நிலை. காய்ச்சல் இருக்கும்போது கொடுக்காதீர்கள்; முதலில் ரத்தப் பரிசோதனை.

இத்தனை கேட்டால் நர்சம்மா எதிர்த்துப் பேசுவதாக நினைக்க மாட்டாரா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. “செய்யாவிட்டால் என்ன ஆகும் நர்சம்மா? எல்லாப் பிள்ளைக்குமா, என் பிள்ளைக்கு மட்டுமா? எத்தனை நாளைக்கு?” என்று கேளுங்கள். பல ஊர்களைச் சுமந்து அலையும் கிராம சுகாதார செவிலியர் இந்த விதிகளை எழுதியவர் அல்ல. பால்பவுடர் டப்பாவை யாராவது கையில் திணித்தால் மட்டும் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். 1992-ல் வந்த சட்டப்படி அதற்கு விளம்பரம் செய்வதே இந்தியாவில் குற்றம்.

முதல் மீன் எப்போது? ஒவ்வாமை வராதா?

ஒவ்வாமை உண்டாக்கும் உணவைத் தள்ளிப்போடச் சொன்ன காலம் போய்விட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000-ல் நிலக்கடலையை மூன்று வயது வரை தவிர்க்கச் சொன்னார்கள். 2015-ல் லண்டனிலிருந்து வெளியான ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள 640 பிள்ளைகளில் சீக்கிரமே கடலை தின்றவர்களுக்குக் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவு. அறிவுரை அப்படியே தலைகீழானது. மீனையும் ஆறு மாதம் முடிந்து சோறு பருப்பு பழகியதும் தொடங்கலாம். முள் நிறைந்த காரலை விட்டுவிட்டு, சதைப்பற்றுள்ள மீனை ஆவியில் வேகவைத்து, விரலால் பிசைந்து முள் பார்த்து, ஒரு சிட்டிகை அளவில் பகல் நேரத்தில் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். படை, வாய் வீக்கம், மூச்சு இழுப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். கடலையை முழுசாகக் கொடுக்காமல் மைபோல அரைத்துக் கூழில் கலந்து கொடுங்கள்.